340 மணி ஓடிய இரட்டை 525 படகு என்ஜின்: இப்போதே என்ஜினைப் பிரிப்பதா, ஓட்டிப் பார்ப்பதா?

#1 · வளைகுடாக்காரன் · டாம்பா, ஃபுளோரிடா

எல்லோருக்கும் வணக்கம். 35 அடி ஆஃப்ஷோர் (கடலில் வேகமாக ஓடும்) படகு ஒன்று, 2005 மாடல், விலைக்கு வந்திருக்கிறது. இரண்டு மெர்க்குரி ரேசிங் 525 இஎஃப்ஐ (525 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின்), பிராவோ டிரைவ் (ப்ரொப்பெல்லரைச் சுற்றும் பின்பக்கக் கியர் அமைப்பு). மீட்டரில் இடது என்ஜின் 340 மணி, வலது 338. விற்பவர் மூன்றாவது சொந்தக்காரர். "என்ஜினைத் திறந்ததே இல்லை" என்கிறார். பெருமையாகச் சொல்கிறாரா, எச்சரிக்கையாகச் சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

இங்கே ஒரு கடையில் கேட்டால் 300 மணி தாண்டினாலே இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். அடுத்த தெருக் கடையில் 500 வரைக்கும் தொடவே தொடாதே என்கிறார்கள். ஃபுல் வேலைக்கு ஒரு என்ஜினுக்கு 15,000 டாலர் கொட்டேஷன் வந்திருக்கிறது. இரண்டுக்கும் 30,000. படகின் விலையில் பாதிக்கு மேல் இதுவே வந்துவிடும்.

பணத்தை முதலிலேயே போட்டுவிடுவதா, ஓட்டிக்கொண்டு இருப்பதா, இல்லை படகையே விட்டுவிடுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 · ஸ்பேனர்சாமி · ஃபோர்ட் லாடர்டேல்

தம்பி, 340 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. எந்த 340 மணி என்று கேளுங்கள்.

ஒரே மாதிரி இரண்டு படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மயாமியில் இருந்து கீஸ் தீவுகளுக்கு 3500 ஆர்பிஎம்மில் குடும்பத்தோடு போய் வந்தது. இன்னொன்று போக்கர் ரன்னுக்கெல்லாம் (வேகப் படகுகள் கூட்டமாகப் போகும் ஓட்டம்) போய், த்ராட்டிலைக் கடைசி வரை தள்ளி, அலைக்கு அலை எகிறியது. படகு தண்ணீரை விட்டு மேலே எழும்பும்போது ப்ரொப்பெல்லருக்குப் பிடிமானம் போய்விடும், ஆர்பிஎம் ஒரே கணத்தில் லிமிட்டர் (உச்ச வேகத் தடை) வரை ஏறும். திரும்ப விழும்போது மொத்தச் சுமையும் ஒரே அடியாகக் கிராங்கிலும் டிரைவிலும் இறங்கும். முதல் படகு 500 மணியிலும் நன்றாக இருக்கலாம். இரண்டாவதை நான் 200 மணியிலேயே பிரித்திருக்கிறேன்.

525-இல் ஒரு வசதி உண்டு. அதன் கம்ப்யூட்டர் மொத்த மணியை மட்டும் எழுதி வைப்பதில்லை, எந்த ஆர்பிஎம் வரம்பில் எத்தனை மணி ஓடியது என்பதையும் பிரித்து வைத்திருக்கும். லேப்டாப்பும் டயக்னாஸ்டிக் சாஃப்ட்வேரும் வைத்திருக்கிற மெக்கானிக்கைக் கூட்டிப் போய் முதலில் அதைப் படியுங்கள். டாஷ்போர்டு மீட்டரை மாற்றப் பத்து நிமிஷம் போதும். அதை நம்பி யாரும் காசு கொடுப்பதில்லை.

#3 · சும்மா_பார்க்கிறேன் · சென்னை

படகும் இல்லை, வாங்கப்போவதும் இல்லை, ஆர்வத்தில் கேட்கிறேன். என் கார் 1,80,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஹெட்டைக்கூட (சிலிண்டர்களின் மேல்மூடி) திறந்ததில்லை. இந்த என்ஜினும் செவர்லே பிக் பிளாக் வழியில் வந்த வி8 தானே? 300 மணிக்கே பிரிக்கச் சொல்கிறார்களே, அவ்வளவு மட்டமான என்ஜினா?

#4 · பழைய_பிஸ்டன் · டெட்ராய்ட்

நல்ல கேள்வி. மட்டம் எல்லாம் இல்லை. அந்த 502 கியூபிக் இன்ச் பிளாக் (8.2 லிட்டர்) முரட்டுப் பிறவி. வித்தியாசம் வேலையில் இருக்கிறது.

கார் சமதளத்தில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது என்ஜின் கொடுப்பது இருபது, முப்பது குதிரைத்திறன்தான். மீதி சும்மா கிடக்கும். படகுக்கு அந்த ஓய்வு கிடையாது. ஏற்காடு மலையில் முழு லோடோடு ஏறுகிற லாரி மாதிரி, இறக்கம் என்பதே வராது. த்ராட்டிலை விட்டால் படகு உருளாது, மூக்கு கீழே போய் நின்றுவிடும்.

பெட்ரோல் கணக்காகப் பாருங்கள். 525 குதிரைத்திறனை முழுக்க எடுத்தால் ஒரு என்ஜின் மணிக்கு ஏறக்குறைய 43 கேலன் குடிக்கும். நிதானமான ஓட்டத்தில் 20 அளவில் இருக்கும். துறைமுகத்துக்குள் மெதுவாக ஊர்ந்த நேரத்தையும் சேர்த்துச் சராசரி 15 என்று வைத்தால், 300 மணிக்கு 4,500 கேலன். ஒரு கேலனுக்கு 25 மைல் கொடுக்கிற காரில் அதே பெட்ரோலை ஊற்றினால் 1,12,500 மைல் ஓடும். அதாவது 1,80,000 கிலோமீட்டர். உங்கள் கார் ஓடிய தூரமேதான். அதுவும் அத்தனை எரிபொருளையும் எட்டே சிலிண்டர்கள் 300 மணிக்குள் எரித்திருக்கின்றன.

பெரிய டீசல் என்ஜின்களுக்குக் கேட்டர்பில்லர் போன்றவர்கள் ஓவர்ஹால் தவணையை மணியில் மட்டுமல்ல, எரித்த டீசல் அளவிலும் சொல்வார்கள். பெட்ரோல் படகுக்கும் அந்த முறைதான் சரி என்பது என் கட்சி. விற்பவரிடம் எரிபொருள் ரசீது இருந்தால் மீட்டரை விட அதுவே பெரிய சாட்சி.

#5 · ஒண்டாரியோ_ஓடம் · ரொறொன்ரோ

என்னுடைய அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. இங்கே ஏரியில் ஓடும் படகுகளை என்ஜின் தேய்ந்து செத்ததாக நான் அதிகம் பார்த்ததில்லை. கிடந்து செத்தவைதான் கூட. வருடத்துக்கு ஐந்து மாதம் ஓட்டம், மிச்சம் கொட்டகையில். பிளாக்கில் இருந்த தண்ணீரை வடிக்காமல் விட்டால் முதல் உறைபனியிலேயே வார்ப்பு வெடிக்கும். வெளியே வெடித்தால் கண்ணுக்குத் தெரியும். லிஃப்டர் (வால்வைத் தள்ளும் பாகம்) இருக்கும் பள்ளத்துக்குள் வெடித்தால் அடுத்த வசந்தத்தில் ஒயில் பால்தேநீர் நிறத்தில் வரும்போதுதான் தெரியும்.

ஆகவே தம்பி, அந்தப் படகு எங்கே வாழ்ந்தது, கடைசி ஐந்து வருடத்தில் எத்தனை மணி ஓடியது என்று விசாரியுங்கள். 2005 படகில் 340 மணி என்றால் வருடத்துக்கு இருபதும் வரவில்லை. ஆண்டுக்கு 60 மணி ஓடி, ஒழுங்காக ஒயில் மாற்றிய 600 மணிப் படகு இதைவிட ஆரோக்கியமாக இருக்கலாம். குறைந்த மணியைப் பார்த்து மயங்க வேண்டாம்.

#6 · வளைகுடாக்காரன்

விசாரித்தேன். முதல் சொந்தக்காரர் மிசௌரியில், ஓசார்க்ஸ் ஏரியில் ஓட்டியிருக்கிறார். அதன் பிறகு ஃபுளோரிடா, உப்புத் தண்ணீர். கடைசி மூன்று வருடம் பெரும்பாலும் லிஃப்டிலேயே (படகைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்கும் அமைப்பு) நின்றிருக்கிறது. ரசீது ஒன்றும் இல்லை. நடுவில் யாரோ எக்ஸாஸ்ட் ஹெடரை (புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) மாற்றியிருக்கிறார்கள், யார், எப்போது என்று தெரியவில்லை. வார இறுதியில் மெக்கானிக்கோடு போகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?

#7 · ஸ்பேனர்சாமி

போவதற்கு முன்னாலேயே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: நாங்கள் வருவதற்கு முன் என்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது, ஆயில் மாற்றவும் கூடாது. போனதும் பிளாக்கில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். முழுக்கக் குளிர்ந்த என்ஜின் முதல் முறை பிடிக்கும்போதுதான் நீலப் புகையும் லிஃப்டர் சத்தமும் வெளியே வரும்.

ஆயில் விஷயம் முக்கியம். ஆய்வகத்துக்கு அனுப்பும் சாம்பிளில் ஈயமும் செம்பும் கூடுதலாக இருந்தால் பேரிங் தேய்கிறது. இரும்பு என்றால் சிலிண்டர் சுவர், கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பக்கம். அலுமினியம் பிஸ்டன், குரோமியம் ரிங். சோடியம் தெரிந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஆனால் நேற்று மாற்றிய ஆயிலை அனுப்பினால் எல்லாமே சுத்தம் என்றுதான் வரும். அதற்காகத்தான் சர்வேக்கு (வாங்கும் முன் செய்யும் சோதனை) முதல் நாள் "உங்களுக்காக ஆயில் மாற்றி வைத்தேன்" என்று சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஃபில்டரையும் கழற்றி, வெட்டி, மடிப்பை விரித்து வெயிலில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத மினுமினுப்பு கண்ணில் பட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எழுப்பும் அழுத்தம். எல்லா ப்ளக்கையும் கழற்றி, த்ராட்டில் முழுக்கத் திறந்து, பேட்டரி முழு சார்ஜில். எண் எவ்வளவு என்பதை விட எட்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி.

ஆனால் கம்ப்ரஷன் சொல்லாததை லீக்-டவுன் சொல்லும். பிஸ்டனை மேலே நிறுத்தி 100 பிஎஸ்ஐ காற்று கொடுத்து, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. பத்துக்குக் கீழே நல்ல என்ஜின். இருபதைத் தாண்டினால் வேலை வந்துவிட்டது. அப்புறம் காது வைத்துக் கேட்க வேண்டும். எக்ஸாஸ்டில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டில் பாடியில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். பக்கத்து ப்ளக் துளையில் காற்று வந்தால் ஹெட் கேஸ்கெட். ரிங் என்றால் ஃபுல் வேலை, வால்வு என்றால் ஹெட் வேலை. 15,000 டாலர் கேள்விக்குப் பாதி பதில் இந்த ஒரு சோதனையில் கிடைத்துவிடும்.

போரோஸ்கோப் கேமராவையும் எட்டு துளைக்குள்ளும் விடுங்கள். கடைசியாகத் தண்ணீரில் ஓட்டம். முழு த்ராட்டிலில் இரண்டு என்ஜினும் ஒரே ஆர்பிஎம் தொடுகிறதா, திரும்பி வந்து சூட்டோடு ஐடிலில் நிற்கும்போது ஆயில் பிரஷர் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அது குறைந்தபட்சம்.

#8 · பழைய_பிஸ்டன்

சாமி அண்ணே சொன்ன எல்லா சோதனையிலும் தேறி, அதற்குப் பிறகும் வெடிக்கிற பாகம் ஒன்று இருக்கிறது. வால்வு ஸ்ப்ரிங்.

5000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு ஸ்ப்ரிங்கும் நிமிடத்துக்கு 2,500 தடவை அமுங்கி விரிகிறது, அதுவும் சூட்டில். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் இறங்கும். இறங்கிய ஸ்ப்ரிங்கால் உச்ச வேகத்தில் வால்வை மூட முடியாது, வால்வு மிதக்கும், சீட்டில் துள்ளும். ஒரு நாள் ஸ்ப்ரிங் உடையும். வால்வு உள்ளே விழும். பிஸ்டன், ஹெட், சிலிண்டர் சுவர் மூன்றும் போகும். கம்ப்ரஷன் டெஸ்டில் இது தெரியாது, லீக்-டவுனிலும் தெரியாது, ஆயில் ரிப்போர்ட்டிலும் வராது. முந்தின நாள் வரை என்ஜின் அருமையாக ஓடும்.

அதனால் 200-இலிருந்து 250 மணிக்குள் ஸ்ப்ரிங்கைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டும் என்பேன். 340 மணி வரை திறக்காத என்ஜின் என்று விற்பவர் சொல்வது எனக்குப் பயமாகத்தான் கேட்கிறது.

#9 · ஒண்டாரியோ_ஓடம்

இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஓடுகிற என்ஜினைத் திறந்து கெடுத்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன். தொழிற்சாலையில் சுத்தமான அறையில் பூட்டிய என்ஜினைக் கழற்றி, தூசி பறக்கிற கொட்டகையில் வைத்து, அனுபவம் இல்லாத ஒருவன் பூட்டினால் எது பாதுகாப்பு? மறுபடி கட்டிய என்ஜின் முதல் 20 மணிக்குள் போனதும் உண்டு. "இரண்டையும் கையோடு செய்துவிடுங்கோ" என்று சொல்கிற கடைக்கு அதில் வருமானம் இருக்கிறது, அதையும் மறக்கக் கூடாது.

#10 · பழைய_பிஸ்டன்

அண்ணை, ஸ்ப்ரிங் மாற்ற என்ஜினைத் திறக்கவே வேண்டாம். ராக்கர் கவரைக் கழற்றி, ப்ளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிக்கொண்டு, ஹெட் இருந்த இடத்திலேயே மாற்றலாம். கழற்றிய ஸ்ப்ரிங்கை டெஸ்டரில் வைத்து அழுத்திப் பார்த்தால் எவ்வளவு சோர்ந்திருக்கிறது என்றும் தெரிந்துவிடும். ஃபுல் வேலையையும் இதையும் ஒரே பையில் போட்டுப் பேசாதீர்கள்.

கடையைப் பற்றிச் சொன்னது மட்டும் சரி.

#11 · ஸ்பேனர்சாமி

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் அளவுகோல் இது. 525 மாதிரி டர்போ, சூப்பர்சார்ஜர் இல்லாத என்ஜினுக்கு 250 மணி வாக்கில் வால்வு வேலை, கீழ்ப்பக்கத்தை (கிராங்க், பேரிங், பிஸ்டன்) சோதனை சொன்னால் மட்டும் தொடுவது. நல்ல கையில் இருந்தால் கீழ்ப்பக்கம் 500-ஐத் தாண்டியும் போகும். சூப்பர்சார்ஜர் வைத்து 700, 1000 குதிரைத்திறன் எடுக்கிற பழைய என்ஜின் என்றால் இந்தப் பேச்சே கிடையாது. அங்கே 150 மணியே பெரிய வயசு. வாங்கும் விலையோடு ரீபில்ட் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

#12 · சும்மா_பார்க்கிறேன்

அவ்வளவு செலவு என்றால் இவற்றை ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்டால் திட்டுவீர்களா?

#13 · பழைய_பிஸ்டன்

விலை இறங்கிவிட்டது, அதனால்தான். 2019-இல் மெர்க்குரி ரேசிங் 450ஆர் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் என்ஜின்) வந்த பிறகு புதுப் படகு வாங்குகிறவர்களில் பலர் பின்னால் வரிசையாக அவுட்போர்டு தொங்கவிட்டுக்கொண்டார்கள். உள்ளே பிக் பிளாக் வைத்த பழைய படகுகள் சந்தையில் தேங்கின. முப்பத்தைந்து அடிப் படகு ஒரு நல்ல எஸ்யூவி விலைக்குக் கிடைக்கிறது. என்ஜின் ஹட்ச்சைத் திறந்ததும் இரண்டு வி8 பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் உங்களுக்கும் கை நீளும்.

#14 · வளைகுடாக்காரன்

போய் வந்தேன். முடிவுகள்.

வலது என்ஜின்: கம்ப்யூட்டரில் 338 மணி, மீட்டரோடு ஒத்துப்போகிறது. அதில் பெரும்பகுதி 4000-க்குக் கீழே. லீக்-டவுன் எட்டு சிலிண்டரிலும் 5-இலிருந்து 9 சதவீதத்துக்குள். கேமராவில் ஹோனிங் கோடுகள்கூட (தொழிற்சாலையில் சிலிண்டர் சுவரில் போட்ட மெல்லிய கீறல்கள்) இன்னும் தெரிகின்றன. சூட்டில் ஆயில் பிரஷர் நன்றாக நிற்கிறது.

இடது என்ஜின்: கம்ப்யூட்டர் 96 மணி என்கிறது. மீட்டரில் 340. லீக்-டவுன் ஏழு சிலிண்டரில் 10-க்குள். 5-ஆம் சிலிண்டரில் மட்டும் 26, எக்ஸாஸ்டில் சீறுகிறது. கேமராவை விட்டால் அந்த எக்ஸாஸ்ட் வால்வின் ஓரத்தில் துரு, சீட்டுக்கு அருகே சுவரிலும் ஒரு பழுப்புத் தடம். முழு த்ராட்டிலில் வலதை விட 150 ஆர்பிஎம் குறைவு.

96 மணி எப்படி வந்தது என்று கேட்டால் விற்பவர் தனக்குத் தெரியாது என்கிறார்.

#15 · ஸ்பேனர்சாமி

கம்ப்யூட்டரை மாற்றியிருக்கிறார்கள், புது யூனிட் சுழியிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது. அதற்கு முந்தைய 244 மணி எப்படி ஓடியது என்பது போன கம்ப்யூட்டரோடு போய்விட்டது. இரண்டு என்ஜினும் ஒரே படகில் ஒன்றாகத்தான் ஓடின என்பதால் வலது பக்கத்து வரலாற்றை வைத்துக் கொஞ்சம் ஊகிக்கலாம், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் ஏன் போனது என்பதையும் யோசியுங்கள். அந்தப் பக்கம் எப்போதாவது தண்ணீர் ஏறியதா என்று ஸ்டார்ட்டர், வயரிங் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள்.

5-ஆம் சிலிண்டரில் தெரிவது தேய்மானம் இல்லை, தண்ணீர். இந்தப் படகுகளில் எக்ஸாஸ்ட் வழியாகவே கூலிங் தண்ணீரும் வெளியேறும். ஹெடரின் இரட்டைச் சுவரில் ஊசித்துளை விழுந்தாலும் தண்ணீர் வால்வு வரை வரும். வால்வை நெடுநேரம் திறந்து வைக்கும் கேம் போட்ட என்ஜினில் ஐடிலில் நிற்கும்போது எக்ஸாஸ்ட் அலை தண்ணீரைப் பின்னோக்கி இழுத்தும் வரும். இது ஸ்டாக் கேம் (கம்பெனி போட்டது), அதனால் ஹெடரைத்தான் சந்தேகிக்கிறேன். கழற்றி, வாய்களை அடைத்து, காற்று ஏற்றித் தொட்டியில் முக்குங்கள். அதைச் சரி செய்யாமல் புது ஹெட் போட்டால் அடுத்த சீசனில் அதே வால்வு அதே துரு.

#16 · ஒண்டாரியோ_ஓடம்

நான் சொன்னதுதான். மூன்று வருடம் லிஃப்டில் கிடந்ததல்லவா? ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் வால்வு மேல் நின்றால் அந்த நேரம் போதும்.

#17 · வளைகுடாக்காரன்

ஹெடரைச் சோதித்தாயிற்று. இடது என்ஜினில் ஒரு வெல்டிங் ஓரத்தில் குமிழி வருகிறது. கனெக்டர்கள் சுத்தமாக இருக்கின்றன, மூழ்கிய தடயம் இல்லை. ஆயில் ரிப்போர்ட்டும் வந்தது: இரண்டிலும் ஈயம், செம்பு கவலைப்படும் அளவில் இல்லை. இடதில் சோடியம் கொஞ்சம் கூடுதல்.

இப்போது கேள்வி: இடதை முழுக்கப் பிரிப்பதா, ஹெட் மட்டுமா? புது வால்வு உட்கார்ந்து மேலே இறுக்கம் கூடினால் பழைய ரிங் தாங்காது, ஆயில் குடிக்கும் என்று இங்கே ஒரு கடைக்காரர் சொல்கிறார்.

#18 · ஸ்பேனர்சாமி

அந்தப் பேச்சு ரொம்பப் பழசு. ரிங் ஏற்கெனவே போயிருந்தால் அது உண்மை. மற்ற ஏழு சிலிண்டரிலும் 10-க்குள் நிற்கிறது, 5-இலும் ஆயில் வாயில் காற்று வரவில்லை என்றால் ரிங் பிழைத்திருக்கிறது. ஹெட்டைக் கழற்றியதும் அந்தச் சுவரை நகத்தால் தடவிப் பாருங்கள். கறை மட்டும் என்றால் துடைத்தால் போகும், நகம் மாட்டினால் பள்ளம். பள்ளம் என்றால் பேச்சே வேண்டாம், என்ஜின் மேலே வர வேண்டும். அந்த முடிவை இப்போது எடுக்காதீர்கள், ஹெட் கழன்ற பிறகு எடுங்கள். விலை பேசும்போது மட்டும் மோசமான பக்கத்தை வைத்துப் பேசுங்கள்.

#19 · பழைய_பிஸ்டன்

என் ஓட்டு: இடதை இறக்கிவிடுங்கள். 244 மணி வரலாறு இல்லாத, சோடியம் காட்டுகிற என்ஜின். ஹெட் கழன்ற பிறகு பேரிங்கைப் பார்க்க ஆயில் பான் ஒன்றுதான் மிச்சம், ஆனால் படகுக்குள் வைத்துப் பானைக் கழற்ற இடம் கிடையாது. என்ஜினைத் தூக்கி இறக்கிப் பூட்டும் செலவு எப்படியும் வரும்.

#20 · வளைகுடாக்காரன்

விலை முடிந்தது. ஒரு ஃபுல் ரீபில்ட்டும் ஒரு செட் ஹெடரும் வருகிற அளவுக்குக் குறைத்துக்கொண்டார். முதலில் கோபப்பட்டார். 96 மணி அச்சிட்ட காகிதத்தையும் வால்வு படத்தையும் காட்டிய பிறகு இறங்கி வந்தார்.

இடதில் ஹெட்டைக் கழற்றினோம். நகம் மாட்டவில்லை, கறைதான். எக்ஸாஸ்ட் வால்வு எட்டும் புதுசு, சீட் வெட்டி, கைடு பார்த்து, ஸ்ப்ரிங் முழுவதும் மாற்றுகிறோம். இரண்டு பக்கத்துக்கும் புது ஹெடர். வலதில் ஹெட்டைத் தொடாமல் ஸ்ப்ரிங் மட்டும், பிஸ்டன் அண்ணா சொன்ன காற்று முறையில். கழற்றிய ஸ்ப்ரிங்கில் இரண்டு, டெஸ்டரில் மற்றவற்றை விட நன்றாகவே இறங்கியிருந்தன. ரீபில்ட்டுக்காகக் குறைந்த பணத்தைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

#21 · பழைய_பிஸ்டன்

அந்த இரண்டு ஸ்ப்ரிங்கும் "அருமையாக ஓடுகிற" வலது என்ஜினில் இருந்தவை என்பதை ஓடம் அண்ணை கவனிக்க வேண்டும்.

#22 · ஒண்டாரியோ_ஓடம்

ஓம், கவனித்தேன். கீழ்ப்பக்கத்தைத் திறக்காமலே வேலை முடிந்தது என்பதை நீங்களும் கவனியுங்கோ.

#23 · ஸ்பேனர்சாமி

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, இடதில் முதல் ஆயிலைப் பத்து மணியிலேயே இறக்கி, ஃபில்டரை வெட்டிப் பார்த்து, சாம்பிள் அனுப்புங்கள். சோடியம் இறங்கியிருந்தால் ஹெடர்தான் காரணம். இறங்காவிட்டால் இன்டேக் கேஸ்கெட், ஆயில் கூலர் இரண்டையும் பார்க்க வேண்டும். 25 மணியில் இன்னொரு சாம்பிள், இரண்டு என்ஜினுக்கும். ரிப்போர்ட்டை இங்கேயே போடுங்கள்.